வீணாகக் கடலில் கலக்கும் நீர்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்துள்ள பிச்சாவரம் உப்பங்கழியில் சுரபுன்னையும் வெண்கண்டலும், சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரையே தந்த தில்லை விருட்சமும் இன்றும் தழைத்திருக்கின்றன என்றாலும், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்காட்டின் உட்பகுதிகள் பல மொட்டை வெளிகளாகிக் கிடந்தபோது, அந்தப் பழியை விறகு வெட்டிய ஏழைகள் மேலும், அவர்கள் மேய்த்த மாடுகள் மேலும் சுமத்துவதே பலருக்கும் சுலபமாக இருந்தது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் அந்த மண்ணைப் பரிசோதித்துக் கண்ட உண்மை வேறு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970-கள் வரையில், காட்டைக் கூப்புகள் என்னும் வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொன்றையும் அடியோடு வெட்டியதனால், நிழலிழந்த சேற்றின் மேல் வெயில் நேரே விழுந்து, ஈரம் ஆவியாகி, மண் இறுகித் தாழ்ந்து தொட்டிபோலாக, ஓதம் ஏறும்போது புகுந்த கடல்நீர் வற்றும்போது திரும்ப வழியின்றித் தேங்கிச் சுண்டி, உப்பு மட்டும் மிஞ்சி, விழுந்த விதை முளைக்காத பூமியாயிற்று அது. ஆகவே, சர்க்கார் வகுத்த திட்டத்தின் விளைவுக்குத்தான் கரையோரக் குடியானவன் குற்றவாளியாக நின்றான். எத்தனை பெரிய அநியாயம்!

மருந்து எளிது: இயற்கையான ஓடைகளிலிருந்து மீன்முள்போல் கிளைத்துச் செல்லும் வாய்க்கால்களை வெட்டினார்கள், ஓதம் வந்து போயிற்று, உப்புக் கரைந்தது, கன்றுகள் பிழைத்தன. கிராமத்து ஜனங்களும் வனத்துறையும் அதில் கைகோத்தார்கள்.

ஆனால் வாய்க்கால் வண்டலால் தூர்ந்துபோகும். அதைத் தூர்வாரும் செலவு ஆண்டுதோறும் உண்டு. நட்ட கன்றுகளின் தொகையைப் பிரகடனம் செய்வதில் நமக்குள்ள உற்சாகத்தில் பாதியேனும் அந்தச் செலவில் இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதனினும் முக்கியமானது நன்னீர். வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் பெருகும்போதெல்லாம், நீர் வீணாகக் கடலில் கலக்கிறதென்று நாம் அங்கலாய்க்கிறோம். மேலே அணைகள் தடுத்தது போக வந்து சேரும் அந்த நீர்தான் கழியின் உப்பைத் தணிக்கிறது. இறாலும் நண்டும் தம் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பதும் அவ்வாறு கலந்த நீரிலேதான். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் நிலையம் அருகிலேயே இருக்கிறது. கழிமுகத்துக்கு எந்த மாதத்தில் எவ்வளவு நன்னீர் வேண்டும் என்பதை அத்தகைய விஞ்ஞானிகளையும் கழியில் வலைவீசும் மீனவர்களையும் கேட்டு நிர்ணயித்து, அதைக் காவிரிப் பாசனக் கணக்கில் ஒரு பங்காகவே எழுதிவைக்கவேண்டும்.