மனப்பாடம் செய்த ‘ஆம்’

பத்தாவது கட்டளையில் மனைவி ஒரு பட்டியலில் வருகிறாள். அவளுக்குப் பின்னால் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு. பிறனுக்குச் சொந்தமான இவை எதையும் இச்சிக்கக் கூடாது. பதினான்கு வயதில், திடப்படுத்தல் வகுப்பில் இதை ஒப்புவிக்கும்போது கேட்டேன்: “பிறன் மனைவியை நான் ஏன் இச்சிக்கப் போகிறேன்? இது எனக்குச் சொன்னதா, பையன்களுக்கு மட்டும் சொன்னதா?” பையன்கள் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. “கேள்வி வேண்டாம், ஒப்புவி” என்றார்.

அவர் கையில் இருந்ததோ கேள்விகளால் ஆன புத்தகம். 1529இல் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் நின்று, இதற்கு என்ன பொருள் என்று கேட்கிறது. ஆனால் பதிலையும் அதுவே அச்சிட்டுத் தந்துவிடுகிறது. வீட்டாருக்கு அதைக் கற்பிக்கும் பொறுப்பையும் குடும்பத் தலைவனிடமே கொடுக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முந்நூறு ஆண்டுகளாகப் பதில்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். கேள்வியைத்தான் தொலைத்துவிட்டோம்.

திடப்படுத்தல் என்பது என்ன? குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது ஞானப்பெற்றோர் நம் சார்பில் பதில் சொன்னார்கள். இப்போது நம் வாயால் நாமே சொல்கிறோம். லுத்தர் இதைத் திருவருட்சாதனமாக ஏற்கவில்லை. 1539இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில்தான் இதற்குச் சீர்திருத்தச் சபை வடிவம் கிடைத்தது. மனிதர் வகுத்த ஏற்பாடு இது. மனிதர் திருத்தலாம்.

திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. கடைசி வாரங்களில் பெண்பிள்ளைகளுக்கு நடப்பது இன்னொரு வகுப்பு: சேலை மடிப்பு, முக்காடு, குனிந்து நடத்தல். வெள்ளைச் சேலை கட்டும் நாளில் ‘தூரமாகிவிட்டால்’ திருவிருந்துக்குப் போகலாமா என்று ஐயரம்மாவின் காதில் ரகசியமாகக் கேட்கிறார்கள். “போகலாம்” என்று பிரசங்கபீடத்திலிருந்து உரக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. விபசாரத்தைப் பற்றிய ஆறாம் கட்டளை நம் உடை பற்றிய புத்திமதியாக முடிகிறது. உன் உடம்பில் ஒருவன் கை வைத்தால் பாவம் அவனுடையது, அவன் உன் மாமாவானாலும் சபை மூப்பரானாலும் வந்து சொல் என்று யாரும் அங்கே சொல்வதில்லை. பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்லும் நான்காம் கட்டளையும் அப்படியே. படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசினால் மறுப்பது பாவமா என்ற கேள்விக்கு அந்த வகுப்பில் இடமே கிடையாது.

முதலில் கற்றுக்கொள்ளட்டும், பிறகு கேட்கலாம் என்பார்கள். அந்தப் ‘பிறகு’ எப்போது வரும்? வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கலைந்துபோகிறார்கள்.

கேள்வி கேட்பது விசுவாசத்துக்கு விரோதம் என்றும் சொல்வார்கள். 1523இல் இங்கோல்ஷ்டாட் பல்கலைக்கழகம் பதினெட்டு வயது மாணவன் ஒருவனை, லுத்தரின் கருத்துகளைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தியது. பேராசிரியர்களை நோக்கிக் கடிதம் எழுதியவர் அர்குலா ஃபான் கிரும்பாக் என்ற பெண். அவன் சொன்னதில் பிழை எங்கே, வேதத்திலிருந்து காட்டுங்கள் என்று கேட்டார். கடிதம் அச்சாகிப் பல பதிப்புகள் கண்டது. நம் வகுப்பில் கத்தரீனாவை லுத்தரின் மனைவி என்று சொல்லித் தந்தார்கள். அர்குலாவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கேட்ட பெண்ணைவிடக் கட்டிக்கொண்ட பெண் வசதியானவள் போலும்.

ஆகவே நம் கோரிக்கைகள் சாதாரணமானவை. வகுப்பை ஒரு பெண்ணும் நடத்தட்டும். சேலைக்கு ஊசி குத்த மட்டும் அவளைக் கூப்பிட வேண்டாம். பத்தாவது கட்டளையை நிறுத்தி நிதானமாக வாசித்து, அந்தப் பட்டியலில் மனைவி ஏன் இருக்கிறாள் என்று பையன்களையும் யோசிக்க வைக்கட்டும். “எனக்கு இன்னும் விளங்கவில்லை, அடுத்த வருடம் நிற்கிறேன்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைக் குடும்ப அவமானமாக்காமல் இருக்கட்டும்.

பீடத்தின் முன் அவள் சொல்லும் இந்த ‘ஆம்’ ஓர் ஒத்திகையும்கூட. சில ஆண்டுகளில் மணப்பெண்ணாக அதே இடத்தில் நின்று அதே சொல்லைச் சொல்லப்போகிறாள். ‘இல்லை’ என்று சொல்லவும் இடமிருந்தது என்று தெரிந்து அவள் அதைச் சொல்ல வேண்டும். அதை அவளுக்குச் சொல்லித் தராத வகுப்பு யாரைத் திடப்படுத்துகிறது?