கல்லை விட்டுவிடுங்கள், படத்தை எடுங்கள்

போன மாதம் நண்பர்கள் நாலு பேர் குடியம் குகைக்குப் போயிருந்தோம். திருவள்ளூரிலிருந்து பூண்டி ஏரி வழியாகப் போய், அப்புறம் காட்டுக்குள் நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறச் சுவர்! கிட்டே போய் எடுத்தவை முக்கால்வாசி மங்கல். "நல்ல கேமரா இல்லடா, அதான்" என்றான் ஒருவன். எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பு கேமராவில் இல்லை, எங்களிடம்தான்.

குடியம் பாறை ஒரே கட்டியாக இருக்காது. உருண்டைக் குவார்ட்சைட் கற்களை சிமெண்டுக் கலவையில் பதித்து வைத்தது போல இருக்கும். அந்த மேடு பள்ளம்தான் அழகே. அது படத்தில் தெரிய நிழல் வேண்டும். குகை நிழலில் ஃப்ளாஷ் போட்டோம். வெளிச்சம் நேராக அறைந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிட்டது. தரையில் கிடந்த கற்களை உச்சி வெயிலில் எடுத்தோம். நிழல் கல்லுக்கு அடியிலேயே ஒளிந்துகொண்டது. காலை ஏழு, எட்டு மணிக்கோ சாயங்காலமோ போயிருந்தால் சாய்ந்த வெயிலே பாதி வேலையைச் செய்திருக்கும். குகைக்குள் என்றால் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்தால் போதும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை பிடித்தால் நிழல் கருப்பாக அப்பிக்கொள்ளாது.

அடுத்தது ஃபோகஸ். கிட்டே போகப் போக, தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே வரும். எனவே பாறை முகத்துக்கு இணையாகக் கேமராவைப் பிடியுங்கள். அப்பர்ச்சர் மாற்ற முடிந்தால் எஃப் 8 அல்லது 11 வையுங்கள். 22 வரை போனால் இன்னும் கூர்மையாகும் என்று நினைக்காதீர்கள், ஒளியின் விளிம்பு விளைவால் படம் மொத்தமாக மெலிதாகிவிடும். முன்னால் கல், பின்னால் மலை இரண்டும் வேண்டுமா? ட்ரைபாடில் வைத்து ஃபோகஸை மாற்றி மூன்று படம் எடுத்து, கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். மொபைல் என்றால் ஓரடி பின்னால் வந்து, கல்லைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு எடுங்கள்.

"கல்லைப் படமெடுக்க இவ்வளவு அலட்டலா?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

இது சாதாரண இடமில்லை. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு, பூண்டிக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அதிரம்பாக்கத்தின் பழமை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். கருவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிட முடியாது. அது எந்த மண்ணடுக்கில், எந்த இடத்தில் கிடந்தது என்பதும் தெரிய வேண்டும்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். ஓரம் செதுக்கினது போல இருந்த ஒரு கல்லை, படம் சரியாக வரவில்லை, வீட்டில் போய் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் பையில் போட்டிருக்கிறான். பஸ் ஸ்டாப்பில்தான் காட்டினான். "திரும்ப வெச்சிட்டு வாடா" என்றேன். எங்கிருந்து எடுத்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை! அது ஆதி மனிதன் செதுக்கியதா, வெறும் உடைந்த கல்லா, எனக்குத் தெரியாது. ஒருவேளை கருவியாகவே இருந்தாலும், இனி அது ஊர் பேர் இல்லாத கல்தான்.

அங்கேயே பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து (விட்டம் 27 மில்லிமீட்டர்) நாலு நல்ல படமும், சுற்றுப்புறம் தெரிய ஒரு படமும் எடுத்திருந்தால் அதைத் தூக்கி வரும் ஆசையே வந்திருக்காது. நல்ல படம் எடுக்கத் தெரிந்தவனுக்குக் கல் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

அடுத்த முறை விடியற்காலையே கிளம்பப் போகிறோம். டார்ச் என் பொறுப்பு. பையைச் சோதிப்பதும்தான் :-)