பெட்டியின் அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள்

எங்கள் கோலார் தங்கவயலில் சில சிறு கிளினிக்குகளில், போட்டு முடித்த ஊசியைக் காலித் தண்ணீர் பாட்டிலில் சேர்த்து வைக்கிறார்கள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த பாட்டிலைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. அதன் மெல்லிய பிளாஸ்டிக்கை ஊசி முனை எளிதில் துளைத்துவிடும். பாட்டிலைத் தூக்குவது டாக்டர் இல்லை, காலையில் கூட்ட வரும் அம்மா. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் 100-ல் 30 பேருக்கு வரை தொற்று வரலாம். அந்த அம்மாவுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், ஊசி, பிளேடுகளுக்கு வெள்ளைப் பெட்டி கேட்கின்றன: துளைக்க முடியாதது, கசியாதது, போட்டதைத் திரும்ப எடுக்க முடியாதது. அதற்கு நான் சொல்வது கெட்டியான பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். ஊசிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வேகவைக்கும்போது அது தாங்கும். உருக 160 டிகிரி வேண்டும். கவர் செய்கிற மெல்லிய பாலித்தீன் 110 டிகிரியை ஒட்டியே உருகிவிடும்.

எரிக்க வேண்டிய மருத்துவக் கழிவைப் போடும் மஞ்சள் கவரின் கதை வேறு. கழிவோடு சேர்ந்து அதுவும் எரியப்போவது. கவர் பி.வி.சி. பிளாஸ்டிக் என்றால், அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சரியாக எரிக்காவிட்டால் அது டயாக்சின் என்ற நச்சுப் புகையாகிறது. குளோரின் கலந்த கவர்களை நிறுத்தத் தந்த கெடு 2019 மார்ச் 27-லேயே முடிந்துவிட்டது. 2001-ல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகும், தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் தூசியைச் சுவாசிக்கிறவர்கள் நாங்கள். என் அப்பா சுரங்கத் தொழிலாளி. நுரையீரலில் தூசி ஏறினால் மனிதன் என்ன ஆவான் என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தேன். இன்னொரு விஷப்புகையை, எங்கள் ஊருக்கானாலும் அடுத்த ஊருக்கானாலும், அனுப்ப எங்களுக்கு மனசு வரக்கூடாது.

எங்கள் ஊரின் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை கிளினிக்குகள் ஒன்றுசேர்ந்து மொத்தமாக வாங்கினால் நல்ல பெட்டியும் கட்டுப்படியாகும். வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிப்ரொப்பிலீன். 1 என்றால் தண்ணீர் பாட்டில் வகை, 3 என்றால் பி.வி.சி. எண்ணே இல்லாமல், கடைக்காரருக்கும் என்ன பிளாஸ்டிக் என்று சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.