காலணிக்கு மேல் ஓர் ஆணிப்பட்டை

ஸ்வீடனில் பல நகராட்சிகள் முதியவர்களுக்கு ஆணி பதித்த ரப்பர் பட்டைகளை இலவசமாகக் கொடுத்திருக்கின்றன. காலணிமேல் இழுத்து மாட்டினால் போதும். எஃகு முனைகள் பனிக்கட்டியைக் கவ்விக்கொள்ளும். கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய நாட்களில்தான் ஆபத்து அதிகம்: உருகிய நீர்ப்படலம் காலை வாரிவிடும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைசிகிச்சை, மாதக்கணக்கில் முடக்கம். அந்தச் செலவுக்கு முன்னால் பட்டையின் விலை வெறும் கொசுறு. கடைக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும்; வழவழப்பான தரையில் அதே எஃகு சறுக்கும். ஆனால், பட்டையைக் கொடுத்ததோடு நகராட்சியின் கடமை தீர்ந்துவிடாது. கார்ச் சாலைக்கு முதலில் உப்பு, நடைபாதைக்குக் கடைசியில் மணல் என்றிருக்கும் ஊர்கள் அந்த வரிசையையும் மாற்ற வேண்டும். நடந்து போகிறவரும் வரி கட்டுகிறவர்தானே?