வட்டி ஒழிந்தால் போதுமா?

கந்துவட்டியின் கொடுமையை உழைப்பாளி மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இஸ்லாம் வட்டியைத் தடை செய்கிறது. அந்நெறிப்படி எகிப்தில் நடந்த முயற்சி ஒன்றை நம் வாசகர்கள் அறிவது அவசியம்.

1963-ல் நைல் நதிக் கழிமுகத்திலுள்ள மித் காமர் என்ற ஊரில், அகமது அல்-நஜ்ஜார் என்ற பொருளாதார அறிஞர் சேமிப்பு பாங்கி ஒன்றைத் துவக்கினார். விவசாயிகளும் சிறு தொழிலாளரும் சிறுகச் சிறுகப் பணம் போட்டனர். வட்டியில்லாக் கடன் பெற்றனர். தொழிலில் போட்ட பணத்துக்கு பாங்கி லாப நஷ்டத்தில் பங்கேற்றது. 1967-ல் அம்முயற்சி முடிவுற்றது.

1975-ல் துபாயில் இஸ்லாமிய வர்த்தக பாங்கி தோன்றியது. பின்னர் பல நாடுகளிலும் இத்தகைய பாங்கிகள் பெருகின. ஆனால் இவை பெரிதும் நம்பியிருப்பது 'முராபஹா' முறையைத்தான். பாங்கி சரக்கை வாங்கி, லாபம் ஏற்றி, தவணைக்கு விற்கிறது. 100 ரூபாய்ச் சரக்கு 110 ரூபாய் ஆகிறது. பெயர் வட்டியல்ல, ஆனால் அந்தப் 10 ரூபாயைச் சுமப்பவன் யார்? கடனாளிதானே!

மார்க்க நெறியை நாம் குறை கூறவில்லை. மூலதனம் யார் கையில் இருக்கிறது, யாருக்காக இயங்குகிறது என்பதே நம் கேள்வி. உழைப்பாளியின் சேமிப்பு உழைப்பாளிக்கே பயன்பட வேண்டும். மித் காமர் தரும் படிப்பினை இதுவே!