பிள்ளை கேட்கும் 240 ஹெர்ட்ஸ் திரை

தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் வாப்பாவிடம் வைக்கும் கோரிக்கைகளில் விளையாட்டுக்கான கணினித் திரையும் இப்போது சேர்ந்துகொண்டது. “இருக்கும் மானிட்டரிலும் அதே படம்தானே தெரிகிறது?” என்பது பெரும்பாலான பெற்றோரின் முதல் மறுமொழி. அது சரியான மறுமொழி அன்று. அதேவேளை, பிள்ளை கேட்கும் 240 ஹெர்ட்ஸும் நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவையற்றது என்பதே என் கருத்து.

திரை ஒரு விநாடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஹெர்ட்ஸ் கணக்கு. வழக்கமான 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி நிற்கிறது. 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகக் குறைகிறது. ஏறத்தாழ 10 மில்லி விநாடி மிச்சம். சுட்டியை அசைத்த மாத்திரத்தில் கண் இதனை உணரும். ஆனால் 144-இலிருந்து 240-க்குச் சென்றால் மிச்சமாவது 3 மில்லி விநாடிக்கும் குறைவே. 240-இலிருந்து 360-க்குச் சென்றாலோ ஒன்றரையைக்கூட எட்டாது. விலை ஏற ஏறப் பயன் சுருங்குகிறது. போட்டிகளில் ஆடுவோருக்கு அந்தச் சிறு மிச்சம் பொருட்டாகலாம். மற்றவர்க்கு 144 முதல் 180 வரை தாராளமாகப் போதும்.

அதைவிட முக்கியமானது, வீட்டுக் கணினியின் வலிமை. கிராபிக்ஸ் கார்டு உருவாக்கித் தரும் படங்களைத்தான் திரை காட்ட முடியும். 2020-இல் வெளிவந்த வாலரன்ட் போன்ற விளையாட்டுகள் எளிய கணினியிலும் விரைந்து ஓடும். காட்சிச் செறிவு மிகுந்தவை அவ்வாறு ஓடா. கார்டு விநாடிக்கு 70 படங்களே தருமாயின், 240 ஹெர்ட்ஸுக்குக் கொடுத்த பணம் வீண்விரயமே. தெளிவுத்திறனும் இதில் சேரும். 1080-இல் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். 1440-இல் 36 லட்சத்துக்கும் மேல். 4கே என்றால் 82 லட்சத்தைத் தாண்டும். அத்தனையையும் நிரப்ப வேண்டியது அதே கார்டுதான். பிளேஸ்டேஷன் 5 மட்டுமே உள்ள வீட்டில் 120-க்கு மேல் தேடுவதில் பொருளே இல்லை. அது தருவதன் உச்சம் அவ்வளவே.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் “1 மில்லி விநாடி” என்னும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் மிகக் கடுமையான அமைப்பில் எடுக்கப்பட்ட அளவு. அந்த அமைப்பில் நகரும் உருவங்களின் பின்னே நிழல் படியும். அளவையில் நேர்மையை வலியுறுத்தும் சமூகம் நாம். இந்த எண்ணையும் அதே கண்ணோடு பார்ப்போம்.

ஒரே திரையில் தங்கையின் இணைய வகுப்பும் உம்மாவின் கணக்கு வழக்கும் நடக்கும் வீடாயின் ஐ.பி.எஸ். வகையே ஏற்றது. நிறமும் பக்கவாட்டுப் பார்வையும் அதில் நன்று. வி.ஏ. வகையில் கருமை ஆழமாக இருக்கும். ஆயினும் விலை குறைந்தவற்றில் இருண்ட காட்சிகள் நகரும்போது இழுபடும். ஜி-சிங்க் முத்திரைக்கெனத் தனியே பணம் கொடுக்கவும் வேண்டாம். 2019 ஜனவரி முதல் என்விடியா கார்டுகள் சாதாரண அடாப்டிவ் சிங்க் திரைகளோடும் இயங்குகின்றன.

எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது வேறு பேச்சு. அதனை விலையோடு கலப்பது நல்லதன்று. நேரத்தை எண்ணி அஞ்சும் பெற்றோர், “விலை அதிகம்” என்று சொல்லி மறுக்கின்றனர். பிள்ளை தான் சேர்த்த பெருநாள் காசைக் கொண்டுவந்து நீட்டினால் அப்போது என்ன சொல்வர்? உண்மைக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்; பிள்ளைகளுக்கு அது புரியும்.

வாங்கி வந்த அன்றே ஒன்றைச் செய்யுங்கள். கேபிளைக் கிராபிக்ஸ் கார்டிலேயே செருகி, விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே பகுதிக்குள் சென்று, புதுப்பிப்பு வேகத்தை நீங்களே மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் 60-இலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.