புதுப்பிப்பு தோல்வியுறும்போது

மத்ரஸாக் கணினிகளில் பிள்ளைகளின் விவரங்களும் ஜகாத் கணக்குகளும் இருக்கின்றன, அவை அமானிதம். புதுப்பிப்பு திரும்பத் திரும்பத் தோல்வியுறுகிறது என்பதற்காக அதை அடியோடு நிறுத்திவைக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அதே பொத்தானை நாள்தோறும் அழுத்திக்கொண்டிருப்பதும் ஸப்ர் ஆகாது.

2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு பல கணினிகளில் நிறுவப்படவேயில்லை. மீட்புக்கென ஒதுக்கப்பட்ட வட்டுப்பகுதியில் 250 எம்.பி. இடம் காலியாக இல்லாததே காரணம். திரையில் தோன்றிய பிழைச்செய்தியோ இடப்பற்றாக்குறை பற்றி மூச்சு விடவில்லை! எத்தனை முறை முயன்றுதான் என்ன பயன்? அப்பகுதியைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுவோர், வட்டில் இடம் உண்டா என்று முதலில் பார்க்கட்டும். பகுதியில் கைவைக்குமுன் கணக்குகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவிட வேண்டும். கைப்பழக்கம் இல்லாதோர் விவரமறிந்தவரிடம் ஒப்படைக்கலாம்.